சென்னையில் ஓய்வுக்குப் பின் காட்டுயிர்ப் படமெடுப்பு: எங்கே, எதைக்கொண்டு, எப்படி அடையாளம் காண்பது

கேள்வி: வங்கிப் பணியிலிருந்து வரும் மார்ச் மாதம் ஓய்வு பெறுகிறேன். வீடு மடிப்பாக்கத்தில். பறவைகளையும் பூச்சிகளையும் பிற உயிர்களையும் படமெடுத்து, அவை இன்னவை என்று தெரிந்துகொள்ள வேண்டும் என்பது நெடுநாள் ஆசை. எந்தக் கேமரா வாங்கலாம்? எங்கே போகலாம்? பெயரை எப்படிக் கண்டுபிடிப்பது? என் மனைவிக்கும் இதில் ஆர்வம் உண்டு; ஆனால் முழங்கால் வலியால் அவரால் அதிக தூரம் நடக்க முடியாது.

பதில்: கேமரா, இடம், பெயர் என்ற வரிசையில் கேட்டிருக்கிறீர்கள். பெரும்பாலோர் இந்த வரிசையில்தான் தொடங்குகிறார்கள். பெரிய லென்ஸ் ஒன்றை வாங்கி ஓராண்டு சுமந்துவிட்டு அலமாரியில் வைத்துவிடுகிறவர்கள் மிகுதியாக இருப்பதற்கும் அதுவே காரணம் என்று நினைக்கிறேன். நான் பின்னாலிருந்து வருகிறேன். ஓர் உயிரின் பெயரை உறுதிசெய்ய எந்தப் பகுதி படத்தில் தெரிய வேண்டும் என்பது விளங்கிவிட்டால், எங்கே நிற்பது, எவ்வளவு நெருங்குவது, எந்தக் கருவி போதும் என்பவை அதிலிருந்தே முடிவாகிவிடும்.

உங்கள் வீட்டுக்கு மிக அருகில் இருக்கும் பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தையே எடுத்துக்கொள்வோம். அங்கே ஆண்டு முழுவதும் வெள்ளைக் கொக்குகள் நிற்கும். சாலையில் போகிறவர் கண்ணுக்கு எல்லாம் ஒரே கொக்குதான். உண்மையில் அந்தக் கூட்டத்தில் நான்கு வகைகள் கலந்திருக்கலாம். சின்ன வெண்கொக்குக்கு அலகும் காலும் கருப்பு, பாதம் மட்டும் மஞ்சள். ஆனால் அது சேற்றில் நிற்கும்போது பாதம் தெரியாது. ஆகவே அது ஓர் அடி எடுத்து வைக்கும் வரை காத்திருந்து, கால் மேலே வரும் நொடியில் எடுக்க வேண்டும். உண்ணிக்கொக்குக்கு அலகு மஞ்சளாகவும் குட்டையாகவும் இருக்கும். இனப்பெருக்கக் காலத்தில் தலையும் கழுத்தும் முதுகும் ஆரஞ்சு கலந்த பழுப்பாக மாறிவிடுவதால் அப்போது ஐயமே வராது. சிக்கல் நடுத்தர வெண்கொக்குக்கும் பெரிய வெண்கொக்குக்கும் இடையில்தான். இரண்டும் மஞ்சள் அலகுடன் நிற்கும்; இனப்பெருக்கக் காலத்தில் இரண்டின் அலகும் கருத்துவிடும். அளவை வைத்துச் சொல்லலாம் என்றால், தனியாக நிற்கும் பறவையின் அளவை எதனோடு ஒப்பிடுவது? உறுதியான அடையாளம் வாயின் கோட்டில் இருக்கிறது. அலகின் பிளவு கண்ணுக்கு நேர் கீழே நின்றுவிட்டால் நடுத்தர வெண்கொக்கு. கண்ணைக் கடந்து பின்னால் நீண்டால் பெரிய வெண்கொக்கு. இதைத் தெரிந்துகொண்டவர் முழுப் பறவையையும் அழகாக எடுத்த கையோடு முகத்தைப் பக்கவாட்டில் தெளிவாக ஒரு படம் எடுக்காமல் நகரமாட்டார்.

உள்ளான்கள் எனப்படும் சிறு கரைப்பறவைகளில் இது இன்னும் கடினம். குளிர்காலத்தில் நம் ஏரிக்கரைகளில் ஓடித்திரியும் காமன் சாண்ட்பைப்பருக்கு, மூடிய இறக்கையின் முன்விளிம்பை ஒட்டித் தோள்பக்கமாக ஏறும் வெள்ளைத் தீற்று ஒன்று உண்டு. வாலையும் ஓயாமல் ஆட்டிக்கொண்டிருக்கும். வுட் சாண்ட்பைப்பரும் கிரீன் சாண்ட்பைப்பரும் நிற்கும்போது தொடக்க நிலையில் இருப்பவரைக் குழப்பும். பறந்தெழும்போது இறக்கையின் அடிப்பகுதி முன்னதற்கு வெளிறியும் பின்னதற்குக் கருத்தும் இருப்பது படத்தில் விழுந்துவிட்டால் குழப்பம் அங்கேயே தீரும். அதற்காகப் பறவையைக் கிளப்பிவிடக் கூடாது. அது தானாக எழும், நாம் காத்திருந்தால் போதும்.

வண்ணத்துப்பூச்சிகளில் எனக்கு மிகவும் பிடித்த பாடம் கறிவேப்பிலை அழகி. சென்னையின் எந்தத் தெருவிலும் இது பறக்கும். ஆண் கருப்பு நிறம். பின்னிறக்கையில் வெள்ளைத் திட்டுகள் ஒரு பட்டைபோல் வரிசையாக ஓடும். பெண்ணுக்கோ மூன்று வடிவங்கள். ஒன்று ஆணைப் போலவே இருக்கும். இன்னொன்று காமன் ரோஸ் என்னும் வேறோர் இனத்தைப் போலவும், மற்றொன்று கிரிம்சன் ரோஸ் என்னும் இனத்தைப் போலவும் இருக்கும். அந்த இரண்டு ரோஸ் வகைகளின் புழுக்கள் ஆடுதீண்டாப்பாளை இனத்துச் செடிகளைத் தின்று அவற்றின் நஞ்சைத் தம் உடலில் சேர்த்து வைத்துக்கொள்வதால், ஒருமுறை அவற்றைத் தின்று பார்த்த பறவை மறுமுறை தொடாது. நஞ்சே இல்லாத கறிவேப்பிலை அழகியின் பெண், அவற்றின் உடையை அணிந்துகொண்டு தப்பிக்கிறது. இறக்கையை மட்டும் பார்த்தால் அனுபவம் உள்ளவரும் ஒரு கணம் தயங்குவார். ஆனால் உடல் காட்டிக்கொடுத்துவிடும். ரோஸ் வகைகளுக்கு உடல் சிவப்பு; கறிவேப்பிலை அழகிக்கு எந்த வடிவத்திலும் உடல் கருப்பு. இறக்கையை விரித்து வெயில் காயும் பூச்சியை மேலிருந்து எடுக்கும் படத்தைவிட, பூவில் தேன் குடிக்கும்போது பக்கவாட்டில் உடல் தெரிய எடுத்த படம் இங்கே பயனுள்ளது என்பது இப்போது உங்களுக்கே புரியும்.

பொதுவாகச் சொன்னால், முதலில் கிடைத்த தூரத்திலிருந்து ஒரு பதிவுப் படம் எடுத்துவிடுங்கள், அழகு பிறகு. அதன்பின் பறவையானால் பக்கவாட்டுத் தோற்றம், முகம், கால், வாலின் அடிப்பகுதி. வண்ணத்துப்பூச்சியானால் இறக்கையின் மேற்புறம், அடிப்புறம் இரண்டும். தட்டானானால் நெஞ்சுப் பகுதியின் பக்கவாட்டுக் கோடுகளும் வால் நுனியும். சிலந்தியானால் கண்களின் அமைப்பு தெரியும்படி முகத்துக்கு நேராக ஒன்று. பூச்சி அமர்ந்திருந்த செடியின் இலையையும் ஒரு படம் எடுத்து வைப்பது பலமுறை கைகொடுத்திருக்கிறது. புழு எந்தச் செடியைத் தின்கிறது என்பது பல இனங்களில் பாதி விடையைச் சொல்லிவிடும்.

பெயர் தேடுவதற்கு இன்று கைப்பேசியிலேயே நல்ல வசதிகள் இருக்கின்றன. கார்னெல் பல்கலைக்கழகத்தின் பறவையியல் ஆய்வகம் நடத்தும் இபேர்ட் தளத்தில் பார்த்த பறவைகளைப் பட்டியலிடலாம். அதே ஆய்வகத்தின் மெர்லின் செயலி படத்தையோ குரலையோ கொடுத்தால் பெயரைச் சொல்லும். பறவையல்லாத மற்ற எல்லாவற்றுக்கும் ஐநேச்சுரலிஸ்ட் தளம். ஆனால் இவை சொல்வதைத் தீர்ப்பாக எடுத்துக்கொள்ளாமல் ஒரு பரிந்துரையாக மட்டும் எடுத்துக்கொள்ளும்படி வற்புறுத்திச் சொல்வேன். பூச்சிகளில், தென்னமெரிக்காவில் வாழும் இனத்தின் பெயரைக்கூடச் செயலி தயங்காமல் முன்வைக்கக்கூடும். அந்த இனம் தமிழ்நாட்டில் பதிவாகியிருக்கிறதா, எந்த மாதங்களில் பதிவாகியிருக்கிறது, தோற்றத்தில் அதை ஒத்த வேறு இனங்கள் எவை என்ற மூன்றையும் பார்த்த பிறகே பெயரை ஏற்க வேண்டும். ஐநேச்சுரலிஸ்டில் நீங்கள் இடும் பதிவை மற்றவர்கள் பார்த்துத் தம் கருத்தைச் சொல்வார்கள். மூன்றில் இரண்டு பங்குக்கு மேற்பட்டோர் ஒரே இனம் என்று ஒத்துக்கொண்டால் பதிவு ஆய்வுத் தரம் பெறும். யாராவது உங்கள் முடிவை மாற்றிச் சொன்னால், எந்த அடையாளத்தை வைத்துச் சொன்னீர்கள் என்று கேளுங்கள். அந்தப் பதிலில் கற்பது எந்தக் கையேட்டிலும் கிடைக்காது. உறுதி இல்லாதபோது இனத்தின் பெயரைத் துணிந்து எழுதாமல் பேரினத்தோடோ குடும்பத்தோடோ நிறுத்திக்கொள்வது தவறே இல்லை. பல ஈக்களையும் சிறு வண்டுகளையும் படத்தை மட்டும் வைத்துக்கொண்டு நிபுணராலும் இனம்வரை சொல்ல முடியாது.

படத்தோடு குறிப்பும் வேண்டும். நாள், நேரம், இடம், வானிலை, அந்த உயிர் என்ன செய்துகொண்டிருந்தது என்று சில வரிகள் போதும். சென்னையில் வாழ்ந்த மா. கிருஷ்ணன் (1912–1996) இதற்கு நல்ல முன்னோடி. தாமே பாகங்களைச் சேர்த்து உருவாக்கிக்கொண்ட கேமராவில் கருப்பு வெள்ளைப் படங்களே எடுத்த அவர், 1950 முதல் மறையும் வரை ஓர் ஆங்கில நாளிதழில் இயற்கையைப் பற்றித் தொடர்ந்து எழுதிவந்தார். யானையைப் பற்றி எழுதிய அதே அக்கறையோடு அணிலையும் காகத்தையும் பற்றி எழுதினார். இருந்து கவனித்தலே அவருடைய முதல் கருவி.

இனி இடம். ஓராண்டுக்கு ஒரே இடத்தை உங்கள் இடமாக வைத்துக்கொள்ளுங்கள் என்பதே என் உறுதியான கருத்து. உங்களுக்கு அது பள்ளிக்கரணை. உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் ராம்சர் பட்டியலில் 2022-இல் சேர்க்கப்பட்ட சதுப்பு நிலம் வீட்டிலிருந்து சில நிமிடத் தொலைவில் கிடைப்பது சாதாரணப் பேறு அல்ல. துரைப்பாக்கத்திலிருந்து பல்லாவரம் செல்லும் ரேடியல் சாலையை ஒட்டிய சூழல் பூங்காவிலிருந்து பார்க்கலாம். ஒரே இடத்துக்குத் திரும்பத் திரும்பப் போகும்போதுதான் நீலத் தாழைக்கோழி குஞ்சுகளோடு வெளிவரும் காலமும், நீளவால் இலைக்கோழி வால் நீண்டு இனப்பெருக்கக் கோலம் பூணும் காலமும், செப்டம்பர் தொடங்கி வலசைப் பறவைகள் வந்து சேரும் முறையும் கண்ணுக்குப் பிடிபடும். வழக்கமாக இருப்பது எது என்று தெரிந்தவருக்குத்தான் புதிதாக வந்தது தனியாகத் தெரியும். மார்ச்சில் ஓய்வு பெறுவதால், வலசை வந்தவை பல கிளம்பும் வேளையில் தொடங்குவீர்கள். அதை ஒரு குறையாக நினைக்க வேண்டாம். கோடையில் உள்ளூர்ப் பறவைகளை நன்றாகப் பழகிக்கொண்டால், ஐப்பசி கார்த்திகையில் புதியவை வரும்போது திணற மாட்டீர்கள்.

அதற்குப் பிறகு மற்ற இடங்கள். மேடவாக்கத்தை அடுத்த நன்மங்கலம் காப்புக்காடு கொம்பன் ஆந்தைக்கும் புதர்க்காட்டுப் பறவைகளுக்கும் பெயர்பெற்றது. ஆனால் வனத்துறை அனுமதியின்றி உள்ளே போகக் கூடாது. கிண்டி தேசியப் பூங்கா மாநகருக்குள்ளேயே வெளிமானும் புள்ளிமானும் திரியும் காடு. கேளம்பாக்கம், முட்டுக்காடு கழிவெளிகளில் தண்ணீர் வற்றும் காலத்தில் கரைப்பறவைகள் நிறைய இறங்கும். பழவேற்காட்டுக்குக் குளிர்காலத்தில் பூநாரைகளுக்காகப் போகலாம். வேடந்தாங்கல் ஏறத்தாழ 80 கி.மீ.; நவம்பர் முதல் மார்ச் வரை நல்ல பருவம். நீர்க்கடம்பு மரங்களில் நத்தை குத்தி நாரையும் சாம்பல் கூழைக்கடாவும் பாம்புத்தாராவும் அடுத்தடுத்துக் கூடு கட்டியிருப்பதைக் கரையில் நின்றபடியே பார்க்கலாம் என்பதால், உங்கள் மனைவியையும் அழைத்துச் செல்லத் தகுந்த இடம். பறவைகளின் எச்சம் கலந்த ஏரித் தண்ணீர் வயலுக்கு உரமாவதை அறிந்திருந்த அவ்வூர் மக்கள், 18-ஆம் நூற்றாண்டின் இறுதியிலேயே வெள்ளைக்காரச் சிப்பாய்கள் சுடுவதை எதிர்த்து முறையிட்டுப் பாதுகாப்பு ஆணை பெற்றவர்கள். அங்கே கேமராவைத் தூக்கும் ஒவ்வொருவரும் அவர்களுக்குக் கடன்பட்டவர்கள். வால்பாறை, முதுமலைப் பயணங்களை இரண்டாம் ஆண்டுக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

1978-இல் தொடங்கிய மெட்ராஸ் நேச்சுரலிஸ்ட்ஸ் சொசைட்டி போன்ற அமைப்புகளின் நடைகளில் கலந்துகொண்டால், தனியாக ஓராண்டில் கற்பதை ஓரிரு மாதங்களில் கற்றுவிடலாம். பொங்கல் விடுமுறையிலும் பிப்ரவரி நடுவிலும் நடக்கும் பறவைக் கணக்கெடுப்புகளில் வீட்டு மாடியிலிருந்தே 15 நிமிடம் பார்த்துப் பட்டியல் இட்டாலும் அது பயனுள்ள பதிவாகும்.

இப்போது கேமரா. முதலில் வாங்க வேண்டியது கேமராவே அல்ல. நல்ல 8x42 பைனாகுலர் (8 மடங்கு பெரிதாக்கும், முன்கண்ணாடி 42 மி.மீ. அகலம்). கண்ணாடி அணிபவராக இருந்தால், கண்ணாடியோடு பார்த்தாலும் முழு வட்டமும் தெரிகிறதா என்று கடையிலேயே சோதித்து வாங்குங்கள். கேமராவைப் பொறுத்தவரை எடைதான் முதல் கணக்கு. எட்டத்தில் இருப்பதைப் பெரிதாக்கும் 150-600 மி.மீ. லென்ஸ்கள் பெரும்பாலும் 2 கிலோவை ஒட்டி இருக்கும். கேமராவும் சேர்ந்தால் ஒரு மணி நேரத்தில் தோளும் கழுத்தும் கெஞ்சும். நிக்கான் பி950 போன்ற நீள்ஜூம் கேமரா ஏறத்தாழ 1 கிலோ எடையில் 2000 மி.மீ.க்கு இணையான எட்டத்தைத் தருகிறது. மங்கிய வெளிச்சத்திலும் பறக்கும் பறவையிலும் அது தடுமாறும் என்றாலும், அடையாளம் காண்பதற்கு அதைவிடச் சிக்கனமான வழி இல்லை. பறக்கும் பறவையும் வேண்டும் என்றால், பறவையின் கண்ணைத் தானே பின்தொடரும் வசதியுள்ள மிரர்லெஸ் (உள்ளே பிரதிபலிக்கும் கண்ணாடி இல்லாத) கேமராவோடு இலகுவான லென்ஸ் ஒன்று. எடுத்துக்காட்டாக, கேனான் ஆர்10 கேமராவும் 635 கிராம் எடையுள்ள ஆர்எஃப் 100-400 லென்ஸும் சேர்ந்து 1 கிலோவைச் சற்றே தாண்டும். வாங்கியதும், கண்ணை வைத்துப் பார்க்கும் வியூஃபைண்டரின் பக்கத்தில் இருக்கும் சிறு திருகைத் திருப்பி உங்கள் பார்வைக்கு ஏற்ப அமைத்துக்கொள்ளுங்கள். இதைச் செய்யாமல் படம் தெளிவில்லை என்று வருந்துகிறவர்கள் பலர்.

அமைப்புகளில் இரண்டைச் சொன்னால் போதும். நிற்கும் சிறு பறவைக்கு ஷட்டர் வேகம் 1/1000 நொடி, பறப்பதற்கு 1/2000, ஒளியுணர்திறனைக் குறிக்கும் ஐஎஸ்ஓவைக் கேமராவின் பொறுப்பில் விட்டுவிடுங்கள். வெயிலில் நிற்கும் வெள்ளைக் கொக்கை எடுக்கும்போது கேமராவின் எக்ஸ்போஷரை (படத்தில் பதியும் வெளிச்சத்தின் அளவை) ஒரு படி குறைத்து வையுங்கள். இல்லையெனில் இறகின் நுணுக்கம் வெளுத்து அழிந்துவிடும், பின்னர் எந்த மென்பொருளாலும் மீட்க முடியாது.

சென்னையின் காற்றுக்கென்று தனியாகச் சில விதிகள் உண்டு. ஏசி அறையிலிருந்து கேமராவை நேராக வெளியே எடுத்தால் லென்ஸ் முழுக்க நீர் பூத்துவிடும். பைக்குள் மூடியபடியே அரை மணி நேரம் வெளிக்காற்றில் வைத்துவிட்டுப் பிறகு திறங்கள். நம் ஊர் ஈரப்பதத்தில் லென்ஸுக்குள் பூஞ்சை பிடிப்பது எளிது. ஆகவே காற்றுப் புகாத டப்பாவில் சிலிக்கா ஜெல்லுடன் வையுங்கள், ஜெல் நிறம் மாறியதும் காயவைத்துத் திரும்ப இடுங்கள். கழிமுகத்துக்கோ கடற்கரைக்கோ போய்வந்த அன்று, உப்புப் படிந்த வெளிப்புறத்தைச் சற்றே ஈரமான துணியால் துடைத்து உலரவிட வேண்டும். இன்னொன்று: காலை ஒன்பது மணிக்கு மேல் சதுப்பின் மீது வெப்பக் காற்று அலையாக எழத் தொடங்கும். அப்போது தொலைவில் நிற்கும் பறவையை எந்த விலையுள்ள லென்ஸில் எடுத்தாலும் உருகினாற்போலத்தான் வரும். லென்ஸைக் குறைசொல்லி மாற்றுவதற்கு முன், அதே பறவையைக் காலை ஆறரை மணிக்கு எடுத்துப் பாருங்கள். வெயில் ஏறுவதற்கு முன் வீடு திரும்புவது உடம்புக்கும் நல்லது. தண்ணீரும் தொப்பியும் உடன் ஒருவரும் இருக்கட்டும்.

அறுபதைக் கடந்தவர்களில் பலருக்கு மெல்லிய, உயர்ந்த குரல்கள் காதில் விழுவது குறையத் தொடங்கும். மெர்லினின் குரல் கண்டறியும் வசதி இங்கே பெரிய துணை: தேன்சிட்டின் கீச்சொலி நமக்குக் கேட்காவிட்டாலும் திரையில் பெயர் தோன்றும், பிறகு கண்ணால் தேடி உறுதிசெய்யலாம். மடக்கு நாற்காலி ஒன்றையும் எடுத்துச் செல்லுங்கள். நடமாடும் மனிதரைக் கண்டு விலகும் பறவை, ஓரிடத்தில் அரை மணி நேரம் அசையாமல் அமர்ந்திருப்பவரின் அருகே தானாக வரும். நடக்க முடிந்தவரைவிட உட்காரத் தெரிந்தவருக்கே நல்ல படம் கிடைக்கிறது.

சில செயல்களை ஒருபோதும் செய்யாதீர்கள். கூட்டில் இருக்கும் பறவையை நெருங்கி எடுப்பதோ, கூட்டை மறைக்கும் கிளையை விலக்குவதோ குஞ்சுகளைக் காகத்துக்குக் காட்டிக்கொடுப்பதற்குச் சமம். குரலைப் பதிவிலிருந்து ஒலிக்கவிட்டுப் பறவையை வரவழைக்க வேண்டாம். தன் எல்லையில் எதிரி புகுந்துவிட்டது என்று எண்ணி அது இரை தேடுவதை விட்டு அலையும். ஆந்தை தங்கும் மரத்தின் இடத்தைப் பொதுவில் பகிராதீர்கள். பாம்பைக் கண்டால் நின்ற இடத்திலிருந்தே எடுங்கள். நீர்ச்சாரையா நாகமா என்பதை அருகில் போய்த் தீர்மானிக்கும் தேவை யாருக்கும் இல்லை.

உங்கள் மனைவியைப் பற்றிக் கேட்டதற்குத் தனியாகச் சொல்கிறேன், ஏனெனில் அவருக்கான களம் உங்களுடையதைவிடச் சிறியது என்று நினைத்துவிடக் கூடாது. மொட்டை மாடியிலோ பால்கனியிலோ கறிவேப்பிலை, எலுமிச்சை, எருக்கு ஆகியவற்றைத் தொட்டியில் வையுங்கள். முதல் இரண்டில் கறிவேப்பிலை அழகியும் எலுமிச்சை அழகியும் முட்டையிடும். எருக்கில் வெந்தய வரியன். எலுமிச்சை அழகியின் இளம்புழு பறவை எச்சத்தைப் போலவே கருப்பும் வெள்ளையுமாக இலைமேல் கிடக்கும், வளர்ந்ததும் இலைப் பச்சையாகிவிடும். தொட்டால் தலைக்குப் பின்னாலிருந்து கிளைத்த கொம்பு போன்ற உறுப்பை நீட்டிக் கடுமையான வாடை வீசும். இந்த மாற்றம் ஒவ்வொன்றையும் கைப்பேசியும், மிக அருகில் எடுக்க உதவும் சிறு மேக்ரோ லென்ஸும் கொண்டு நாற்காலியில் அமர்ந்தபடியே நாள்தோறும் எடுக்கலாம். மரங்களில் முசுறு எறும்புகள் ஓடினால் அவற்றைக் கூர்ந்து பார்க்கச் சொல்லுங்கள். அச்சாக அவற்றைப் போலவே செந்நிறத்தில், முன்னங்கால் இரண்டையும் உணர்கொம்புபோலத் தூக்கி ஆட்டிக்கொண்டு நடக்கும், குதிக்கும் சிலந்தி வகையைச் சேர்ந்த ஒன்று நம் ஊரில் உண்டு. காலை எண்ணினால் எட்டு இருக்கும், முகத்தை எடுத்தால் பெரிய இரு கண்கள் முன்னோக்கி நிற்கும். செடிகளை நாற்றங்காலில் வாங்கும்போது மருந்து தெளித்தவையா என்று கேட்டு, அப்படியானால் நன்றாகக் கழுவிச் சில வாரங்கள் விட்டுவைத்து, புதுத்தளிர் வந்த பிறகு புழுக்களை எதிர்பாருங்கள். அதன்பின் மாடியில் எந்தப் பூச்சிமருந்தும் அடிக்க வேண்டாம்.